கதைக்கு ‘உம்’ கொட்டுகிறவர்கள்

சிறுமியாக இருந்தபோது நகரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஜாத்திரை (கோயில் திருவிழா) இரவில் விடிய விடியக் கேட்ட புர்ரகதையைப் பற்றி, அதாவது மூன்று பேர் மேடையில் நின்று பாடியும் ஆடியும் சொல்கிற தெலுங்குக் கதையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திருத்தணியில் பிறந்து, வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்தவள் நான். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். கோடை விடுமுறையிலும் தசரா விடுமுறையிலும் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் பஸ் ஏறிப் போய்க் கதை கேட்டவள். அந்த உரிமையில் பதில் எழுதுகிறேன்.

புர்ரகதையில் நடுவில் நிற்பவர்தான் கதை சொல்கிறார். இரு பக்கமும் நிற்பவர்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள், ‘தந்தான தானா’ என்று இழுக்கிறார்கள். இது நேரத்தை ஓட்டுவதற்குத்தானே?
— வாசகர், வேலூர்

இல்லை ஐயா. அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் அது புர்ரகதையே இல்லை.

நடுவில் நிற்பவரைக் கதகுடு என்பார்கள். தோளில் தம்புரா, பெருவிரலில் பித்தளை வளையம், காலில் சலங்கை. முன்னே நாலடி வந்து, பின்னே நாலடி போய், ஆடிக்கொண்டே சொல்வார். இரு புறமும் நிற்கிறவர்கள் இடுப்பருகே மேளத்தைக் கட்டிக்கொண்டு ‘வந்த’ பாடுகிறவர்கள். ‘வந்த’ என்றால் தெலுங்கில் பின்பாட்டு. தமிழ் ‘வந்த’ அல்ல. ஒருவர் விகடம் பேசுவார். மற்றவர் உலக நடப்பு தெரிந்தவர். அரசியலையும் ஊர் விவகாரத்தையும் இழுத்துப் பேசுவார். ராஜா போருக்குப் புறப்பட்டான் என்று கதகுடு சொன்னால், ‘எதற்குப் புறப்பட்டான்? வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்த்தானா?’ என்று ஒருவர் கேட்பார். நம் மனத்தில் எழுகிற கேள்வியை நமக்கு முன்பே கேட்டுவிடுகிற ஆள் அவர்.

‘தந்தான தானா’வையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கதகுடு மூச்சு வாங்குவதும், அடுத்த அடியை நினைவிலிருந்து எடுப்பதும் அந்த இடைவெளியில்தான். நமக்கும் அப்போதுதான் கேட்டது உள்ளே இறங்குகிறது. எழுதி வைத்துப் படிக்கிற கதையில் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். வாயால் சொல்லும் கதைக்கு அந்த நிறுத்தத்தைப் பின்பாட்டுதான் தர வேண்டும்.

தமிழில் ‘உம் கொட்டுவது’ என்கிறோம். தெலுங்கிலும் ‘ஊ கொட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். மேளத்தைக் கொட்டுகிறோம், கதைக்கு உம்மையும் கொட்டுகிறோம். இரண்டு மொழியும் ஒரே வினைச்சொல்லை இரண்டுக்கும் வைத்திருப்பதை நான் பல வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். வாத்தியம் கதைக்கு அலங்காரம் என்று நினைக்கிறோம். அது கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிற காது. கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற வாய்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இரண்டு மொழியிலும் இந்த வேலையை வசைச்சொல்லாக ஆக்கிவிட்டோம். அடுத்தவன் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவனைத் தெலுங்கில் ‘வந்த பாடுகிறான்’ என்பார்கள். நாம் ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் சுருதி குறையாமல் ஒத்து ஊதுவது எவ்வளவு கடினம் என்பது ஊதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாக்குழுவுக்குப் புர்ரகதைக் குழு ஒன்றை நான் ஏற்பாடு செய்து கொடுத்தேன். செலவைக் குறைப்பதற்காக, பின்பாட்டுக்காரர் இருவருக்கும் பயணப்படி கிடையாது, கதை சொல்பவர் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிவிக்கவும் இல்லை. பெரியவர் தனியாக வந்து மேடையில் நின்றார். ஒவ்வோர் அடி முடிந்ததும், நாற்பது ஆண்டுப் பழக்கத்தில், தலையை இடப்பக்கம் திருப்பி நின்றார். அங்கே யாரும் இல்லை. மறுபடி முன்னே திரும்பி அடுத்த அடியைச் சொன்னார். அந்தத் தலைத் திருப்பலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மணி நேரக் கதை இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

‘புர்ர’ என்றால் மண்டையோடு என்கிறார்கள். மண்டையோட்டில் வாத்தியம் செய்தார்களா?
— கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்

பயப்பட வேண்டாம் அம்மா. புர்ர என்பது மண்டைதான். ஆனால் உருவத்தை வைத்து வந்த பெயர். தம்புராவின் குடம் மண்டை போல உருண்டு இருப்பதால் வந்தது என்பார்கள். பக்கத்தில் கொட்டும் மேளத்தின் வடிவத்தால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. காய்ந்த சுரைக்குடுக்கையைக் கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள், முதல் விளக்கம் உங்களுக்கே சரி என்று படும்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். கடலோர ஆந்திரத்தில் புர்ரகதை, ராயலசீமையில் தந்தான கதை, தெலங்கானாவில் சாரதகதை. சிவன் புகழ் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஜங்கமர்களின் கதைதான் இதற்கு மூலம். தெலங்கானாவின் நாராயண்பேட்டைப் பகுதியில் புர்ர வீணை என்ற வாத்தியத்தோடு பாடுகிற மரபும் உண்டு. அதை வாசிக்கும் தாசரி கொண்டப்பாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பக்கமேளத்தைக் கும்மெட்ட, டக்கி, புடிக என்றெல்லாம் சொல்கிறார்கள். நான் கையில் வாங்கிப் பார்த்தது சுட்ட மண்ணில் செய்தது. நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையை இடுப்பில் படுக்க வைத்தது போல இருக்கும். அகன்ற வாயில் தோல் இழுத்துக் கட்டியிருக்கும். மறு பக்கத்துச் சிறு வாய் திறந்திருக்கும். வலக்கை விரல்கள் தோலில் விழும்போது இடக்கை அந்தச் சிறு வாயை மூடியும் திறந்தும் வரும். மூடினால் ஓசை அடங்கும். சட்டென்று திறந்தால் ‘கும்’ என்று உப்பி வெளியே வரும். ‘அப்படியா!’ என்று வியக்கிறபோது நம் தொண்டையும் அதைத்தானே செய்கிறது? பித்தளையில் செய்ததும் இருக்கிறது. கீழே விழுந்தால் உடையாது என்பது அதன் பெருமை. என் காதுக்கு மண்தான்.

எங்கள் தெருவுக்குப் பூம்பூம் மாட்டோடு வருகிறவர்கள் தெலுங்கு பேசுகிறார்கள். வாத்தியம் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து கதை சொல்கிறவர்கள் எல்லாம் பிச்சை எடுப்பவர்கள்தான் என்று என் மாமனார் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— இல்லத்தரசி, ஆரணி

உங்கள் மாமனார் பெரியவர்; அவர் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் இதில் முக்கால்வாசி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

தெலங்கானாவில் ஒவ்வொரு சாதிக்கும் அதன் கதையைச் சொல்லவென்றே ஒரு குடி உண்டு. நெசவு செய்யும் பத்மசாலியருக்குக் கூனபுலியர் மார்க்கண்டேய புராணம் சொல்வார்கள். முதிராஜருக்குக் காகிபடகலர் பாண்டவர் கதை சொல்வார்கள். மாதிகருக்கு டக்கலியர். எந்தக் குடும்பம் எந்தெந்த ஊருக்குப் போகலாம் என்பது பரம்பரைப் பாத்தியதை. அதை மிராசு என்றே சொல்கிறார்கள். ஒருவர் மிராசு ஊரில் இன்னொருவர் போய்க் கதை சொல்ல முடியாது. வருகிறவருக்கு நெல்லோ பணமோ கொடுப்பது அந்தச் சாதியார் தீர்க்க வேண்டிய கடமை. தங்கள் முன்னோர் யார், தங்கள் தொழில் எப்படி வந்தது, யாரோடு என்ன உறவு என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறவருக்கு அவர்கள் கொடுக்கும் சம்பளம் அது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கட்டணம் செலுத்துவதை நாம் பிச்சை என்றா சொல்கிறோம்?

அவர்களில் சிலர் கையில் படச்சுருள் இருக்கும். இப்போது சித்திபேட்டை மாவட்டத்தில் இருக்கிற சேரியால் என்ற ஊரில் நகாசி ஓவியர்கள் வரைந்து கொடுப்பது. கதர்த் துணியில் கஞ்சி, வெள்ளைக் களிமண், புளியங்கொட்டைப் பசை, பிசின் எல்லாம் கலந்து பூசிக் காயவைத்து, சிவப்புப் பின்னணியில் கட்டம் கட்டமாகக் கதையை எழுதுவார்கள். கதை நகர நகரச் சுருளை அவிழ்த்துக்கொண்டே போவார்கள். பழசாகிக் கிழிந்துபோன சுருளைக் குப்பையில் போடுவதில்லை. இறந்தவருக்குச் செய்வது போலச் சடங்கு செய்து ஆற்றில் விடுவார்கள்.

மாட்டோடு வருகிறவரின் தோளில் தொங்குவது உறுமி. ஒரு பக்கம் அடிப்பார். மறு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. மாடு தலையாட்டுகிறதே, அதுவும் ஒரு ‘உம்’ கொட்டல்தான். அடுத்த முறை வரும்போது மாமனாரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், ‘உங்களுக்கு எந்த ஊர், எத்தனை தலைமுறை?’ என்று கேளுங்கள். உட்கார்ந்து பேசுவார்கள்.

‘ஒக்கு கதை’ என்று எழுதுகிறீர்கள். எப்படி உச்சரிக்க வேண்டும்?
— வாசகர், சேலம்

தமிழ் எழுத்தில் இந்தச் சங்கடம் தீராது. ‘அங்கு’ என்று சொல்லும்போது வருகிற மெல்லிய ககரம் இருக்கிறதே, அதை இரட்டித்துச் சொல்லுங்கள். ஒக்கு என்பது சிவன் கையில் இருக்கும் உடுக்கை. தெலங்கானாவில் குருமர், கொல்லர் ஆகிய இடையர் குலத்தார் (கொல்லர் என்றால் இங்கே ஆயர், இரும்படிப்பவர் அல்லர்) மல்லண்ணா, பீரப்பா, எல்லம்மா என்ற தெய்வங்களின் கதைகளை இந்த உடுக்கையோடும் பெரிய டோலோடும் தாளத்தோடும் சொல்கிறார்கள். ஜனகாமத்தைச் சேர்ந்த சுக்கா சத்தையா இதில் பெரிய பெயர். ஒரு துண்டை இடுப்பில் சுற்றினால் ராணி, தலையில் கட்டினால் ராஜா. அவ்வளவுதான் அவருக்கு வேஷம். 2017இல் மறைந்தார்.

நேரில் பார்க்க வேண்டுமானால் கொமுரவெல்லி மல்லண்ணா கோயிலுக்குப் போங்கள். சங்கராந்தியில் தொடங்கி உகாதி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாத்திரை. தரையில் வண்ணப் பொடிகளால் ‘பட்னம்’ என்ற பெரிய கோலம் போட்டு, அதன் முன்னால் கதை நடக்கும். காற்று முழுவதும் மஞ்சள் தூளாக இருக்கும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என்று அரசுத் திட்டங்களுக்கெல்லாம் புர்ரகதையைப் பயன்படுத்திக் கலையைக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருவள்ளூர்

பாதி ஒப்புக்கொள்கிறேன்.

புர்ரகதை எப்போதுமே அன்றாடச் செய்தியைப் பேசிய கலைதான். ஷேக் நாசர் என்ற மேதையை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூர் மாவட்டம் பொன்னெகல்லுவில் 1920இல் பிறந்தவர். பஞ்சு கொட்டும் குடும்பம், வறுமை. பல்நாட்டுப் போரையும் பொப்பிலிப் போரையும் அவர் சொன்னார். கிழக்குக் கோதாவரி மலைப்பகுதியில் 1922இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்து, 1924இல் சுட்டுக் கொல்லப்பட்ட அல்லூரி சீதாராம ராஜுவின் கதையைச் சொன்னார். அதோடு, 1943இல் வங்காளத்தில் மக்கள் பசியால் மடிந்தபோது, அந்தப் பஞ்சத்தையும் புர்ரகதையாக்கி ஆந்திரக் கிராமங்களில் சொன்னார். வங்காளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் அதைக் கேட்டு அழுதார்கள். சென்னை மாகாணத்து ஆங்கிலேய அரசும் ஹைதராபாத்தின் நிஜாம் அரசும் புர்ரகதைக்குத் தடை போட்டன. ஒரு தம்புராவையும் இரண்டு மண் மேளத்தையும் பார்த்து இரண்டு அரசுகள் பயந்தன என்றால் பாருங்கள். சுதந்திர இந்தியா 1986இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 1997இல் காலமானார்.

ஆகவே, திட்டத்தைப் பற்றிக் கதை சொல்வதில் தவறே இல்லை. கெட்டது எங்கே என்றால், பின்பாட்டுக்காரரின் கேள்வியை வெட்டிய இடத்தில். அலுவலகத்திலிருந்து எழுதி வந்த கதையில், ‘இந்தத் திட்டத்தில் பணம் எப்போது கைக்கு வரும்? யார் கொடுப்பார்கள்?’ என்று கேட்க ஆளில்லை. இரண்டு பேரும் ‘ஆமாம், ஆமாம்’ என்று மட்டும் சொன்னார்கள். ‘வந்த பாடுதல்’ என்பதன் வசைப்பொருள் அங்கே உண்மையாகிவிட்டது. அப்படிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைச் சித்தூர்ப் பக்கம் பார்த்தேன். கூட்டம் மெல்ல மெல்ல எழுந்து போனது. ஆனால் அதே குழு இரவு பத்து மணிக்குமேல், பந்தலில் விளக்கைக் குறைத்த பிறகு, பல்நாட்டுக் கதையை எடுத்தபோது, போனவர்கள் போர்வையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பல்நாட்டுக் கதை என்றால் என்ன? உண்மையில் நடந்ததா?
— பள்ளி மாணவன், பொன்னேரி

நடந்ததுதான் தம்பி. 12ஆம் நூற்றாண்டில் இன்றைய ஆந்திரத்தின் பல்நாடு பகுதியில் பங்காளிகளுக்குள் மூண்ட போர். காரம்பூடி என்ற ஊர்தான் போர்க்களம். ஒரு பக்கம் பிரம்மநாயுடு, எதிர்ப்பக்கம் நாகம்மா என்ற பெண் மந்திரி. சேவல் சண்டையில் தோற்றவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள்; பாரதத்தில் சூதாட்டம் என்றால் இங்கே சேவல். பாலசந்திரன் என்ற இளைஞன் கிட்டத்தட்ட நம் அபிமன்யு. காரம்பூடியில் இப்போதும் கார்த்திகை மாதத்தில் ஐந்து நாள் வீரர்களுக்கு விழா எடுக்கிறார்கள். அவர்களின் ஆயுதங்கள் என்று சொல்லி வழிபடுகிறார்கள். வீரவித்யாவந்தர் என்ற குலத்தார் கதையைப் பாடுகிறார்கள். உன் தெலுங்கு நண்பன் யாராவது இருந்தால் ‘பாலசந்துருடு’ என்று சொல்லிப் பார், அவன் முகம் மாறுவதைக் கவனி.

ஹரிகதையும் நம் கதாகாலட்சேபமும் ஒன்றுதானே? பெண்கள் செய்கிறார்களா?
— வாசகி, திருச்சி

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். தெலுங்கில் இதற்குப் பிதாமகர் ஆதிபட்ல நாராயண தாசு (1864–1945). வடக்கு ஆந்திரத்து விஜயநகரத்தில் (ஹம்பி விஜயநகரம் அல்ல) இருக்கும் இசைக் கல்லூரியின் முதல் தலைவரும் அவரே. கழுத்தில் மாலை, காலில் சலங்கை, கையில் சிடதலு (நம் சப்ளாக்கட்டை). ஒரே ஆள் பாடி, ஆடி, எல்லாப் பாத்திரமுமாகப் பேச வேண்டும். இங்கே பின்பாட்டுக்காரர் இல்லை. ‘கோவிந்தா’ என்று சபையைச் சொல்ல வைத்து, சபையையே உம் கொட்ட வைத்துவிடுகிறார்கள்.

பெண்கள் நன்றாகவே செய்கிறார்கள். சமஸ்கிருதத்திலும் ஹரிகதை சொல்லும் உமாமகேஸ்வரிக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சீகாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அம்மன் கோயிலில் ஒரு வாத்தியம் மனிதர் விம்முவது போலவே ஒலித்தது. மேளமா, தந்தி வாத்தியமா என்றே தெரியவில்லை. அது என்ன?
— வாசகி, சென்னை

நீங்கள் கேட்டது ஜமுகு. கேள்வியிலேயே விடை இருக்கிறது அம்மா: அது இரண்டும்தான்.

ஒரு சிறு குடம் போன்ற உடல். ஒரு பக்கம் தோல். அந்தத் தோலின் நடுவில் துளையிட்டு ஒரு நரம்பைக் கோத்து, மறு முனையைக் கையில் பிடித்திருப்பார்கள். நரம்பை இழுத்துப் பிடித்துத் தெறித்தால் ஓசை மேலே ஏறும். தளர்த்தினால் கீழே இறங்கும். நரம்பு அதிர்வதைத் தோல் வாங்கிக் குடத்துக்குள் உருட்டி வெளியே விடும். இழுக்கிற கை நடுங்கினால் ஒலியும் நடுங்கும். அதனால்தான் விம்மல் போல இருக்கிறது. வடக்கு ஆந்திரத்தில் இதை வைத்துச் சொல்வது ஜமுகுல கதை. தெலங்கானாவில் இதன் உறவான ஜமிடிகவைப் பைண்ட்லர் என்ற குலத்தார் எல்லம்மா கதைக்கு வாசிக்கிறார்கள். எல்லம்மாதான் பரசுராமனின் தாய் ரேணுகா. தந்தை சொல்லை ஏற்றுப் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிற இடம் வரும். அந்த இடத்தில் நான் கேட்ட கதைசொல்லி வாயைத் திறக்கவே இல்லை. நரம்பை மட்டும் மெல்லத் தளர்த்திக்கொண்டே வந்தார். ஓசை கிணற்றுக்குள் வாளி இறங்குவது போல இறங்கியது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

டப்பு என்பதும் நம் பறையும் ஒன்றா?
— பறை பயிலும் இளைஞர், கடலூர்

உடன்பிறப்புகள். இரண்டும் வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் தோல் போர்த்தியவை. இரண்டையும் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுகிறோம். இரண்டுக்கும் இரண்டு குச்சி. நீங்கள் அடிக்குச்சி, சிம்புக்குச்சி என்பதை அவர்கள் சிர்ர, சிடிகென புல்ல என்கிறார்கள். தெலுங்கில் சிடிகென வேலு என்றால் சுண்டுவிரல். ஆக, அந்த மெல்லிய நீளக் குச்சி ‘சுண்டுவிரல் குச்சி’. நீங்கள் போய் உங்கள் பறையைக் காய்ச்சி அவர்கள் பக்கத்தில் நின்றால் போதும், மொழி தேவைப்படாது.

என் மகன் கின்னெர வாத்தியத்தைப் படத்தில் பார்த்துவிட்டுச் செய்து தரச் சொல்கிறான். நான் தச்சுவேலை செய்பவன். செய்ய முடியுமா?
— வாசகர், ஓசூர்

முடியும் ஐயா. தச்சர் கை என்றால் நிச்சயம் முடியும். ஆனால் மரத்தைத் தேடாதீர்கள், மூங்கிலைத் தேடுங்கள்.

கின்னெரவுக்குத் தண்டு மூங்கில். அதன் கீழே காய்ந்த சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டுக் கட்டுவார்கள். ஓசையைப் பெருக்குவது அவைதான். தண்டின் மேல் மெட்டுகளைத் தேன்மெழுகு வைத்து ஒட்டுவார்கள். மெழுகு என்பதால் இளக்கி நகர்த்திச் சுருதியைச் சரிசெய்துகொள்ளலாம். அழகுக்கு மயிலிறகு, மணி, கண்ணாடித் துண்டு.

வீணையில் தந்தியை அழுத்தும் இடத்தை நாம் மெட்டு என்கிறோம். தெலுங்கில் மெட்டு என்றால் படிக்கட்டின் படி. நாகர்கர்னூல் மாவட்டத்து தர்சனம் மொகுலையா வாசிப்பது பன்னிரண்டு மெட்டுக் கின்னெர. அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் டக்கலி குலத்தவர். மேலே மிராசு பற்றி எழுதினேனே, அந்தக் குலம். ஏழைகளுக்காகப் பணக்காரர்களைக் கொள்ளையடித்த பண்டுகுல சாயண்ணாவின் கதையை அவர் கின்னெரவில் பாடும்போது, ஓர் அடி பாடுவார், அதே அடியைக் கின்னெர திருப்பிப் பாடும். தனி ஆளுக்குப் பின்பாட்டுக்காரன் அந்தச் சுரைக்குடுக்கைதான்.

உங்களுக்கு ஒரு யோசனை. குடுக்கையைக் கடையில் வாங்காதீர்கள். பையனை ஒரு சுரை விதை போடச் சொல்லுங்கள். காய் கொடியிலேயே முற்றிக் காய்ந்து, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். பல மாதம் ஆகும். அவன் காத்திருந்தால், வாசிக்கவும் காத்திருப்பான். முதலில் மூன்று மெட்டு போதும்.

எங்கள் தாத்தா நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பரணில் அவருடைய மண் மேளம் ஒன்று இருக்கிறது. தோல் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. என்ன செய்வது? விற்கலாமா?
— வாசகர், கும்மிடிப்பூண்டி

விற்காதீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாதது உங்களுடையதுதான்.

முதலில் தோலைப் பாருங்கள். ஆட்டுத்தோல் என்றால் வழவழப்பாக இருக்கும். மணிமணியாகச் செதில் அச்சு தெரிந்தால் அது உடும்புத் தோல். கோவாவில் இதே உருவத்தில் குமட் என்ற மண் வாத்தியம் உண்டு. அதற்கு முன்பெல்லாம் உடும்புத் தோல்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைப் பாதுகாக்கிறது. அதன் தோலை விற்பதோ வாங்குவதோ குற்றம். இப்போது ஆட்டுத்தோல் போர்த்திக்கொள்கிறார்கள். உங்களுடையது எதுவாக இருந்தாலும் புதிதாகப் போர்த்துவதற்கு ஆட்டுத்தோலே போதும். பம்பையோ மிருதங்கமோ மூட்டுகிறவர் யாராவது உங்கள் பக்கம் இருப்பார், அவரிடம் கொண்டுபோங்கள். பழைய தோலை அவிழ்ப்பதற்கு முன் கயிறு எப்படிப் பின்னியிருக்கிறது என்று நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அந்த முடிச்சு உங்கள் தாத்தாவோ அவருக்குத் தெரிந்தவரோ போட்டது.

மண்ணில் விரிசல் இருக்கிறதா என்று விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நன்றாக இருக்கிறது. மொத்தென்றால் எங்கோ விரிந்திருக்கிறது. எண்ணெய் தடவ வேண்டாம், தண்ணீரில் கழுவ வேண்டாம். காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள்.

இன்னொன்று. சிறு வாயின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். இடது உள்ளங்கை வருடக்கணக்கில் மூடி மூடித் திறந்த இடம் அது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், உங்கள் தாத்தா கதை சொன்னவர் அல்லர், பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடியவர். அப்படி இருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர் யாருக்குப் பின்பாட்டுப் பாடினார் என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்டு அதையும் எழுதுங்கள். நான் பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.